பாதிச் செய்தியோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தசைச் சிதைவு நோய்க்கான மரபணு சிகிச்சை பற்றியும், அதில் ஏறத்தாழ நாற்பது வருஷமாக உழைத்துவரும் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி சேம்பர்லின் பற்றியும் உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. இந்த நோயின் பெயரைக்கூடச் செய்தித்தாளில் பார்ப்பது அபூர்வம். ஆனால் 'ஒரே ஊசியில் தீர்வு' என்று தலைப்புப் போட்டு, எலிகள் ஓடின, சிகிச்சைக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். எலிக்கும் அனுமதிக்கும் நடுவில் இருபது வருஷம் இருக்கிறது, அனுமதிக்குப் பிறகு நடந்ததும் நிறைய இருக்கிறது, பெற்றோருக்குத் தெரிய வேண்டியது எல்லாம் அந்தப் பகுதியில்தான் கிடக்கிறது. அதை விட்டுவிட்டீர்களே என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் டுஷேன் வகைத் தசைச் சிதைவு உள்ள பையன்கள். உங்கள் கட்டுரை வந்ததிலிருந்து அதன் படம் என் போனுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஆறு வயதுப் பையனின் அம்மா ஒருவர் அதைக் காட்டி, "மேடம், இனிமே ராத்திரி ஸ்பிளிண்ட் போட வேணாம்தானே? ஸ்டீராய்டையும் நிறுத்திடலாம்னு இருக்கோம், அவன் முகமெல்லாம் ஊதிப்போச்சு" என்றார். ஸ்பிளிண்ட் என்பது குதிகால் நாண் சுருங்காமல் இருக்கக் காலில் கட்டுகிற பட்டை, ஸ்டீராய்டு என்பது இந்தப் பிள்ளைகளின் பலத்தைக் காக்கக் கொடுக்கிற மாத்திரை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிற பிள்ளைக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துபோயிருக்கும். நல்லவேளை, நிறுத்துவதற்கு முன் கேட்டார். கேட்காமலே நிறுத்தியவர்கள் யாராவது இருப்பார்களோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த விஞ்ஞானி செய்ததை முழுசாகச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் தசை ஒவ்வொரு தடவை சுருங்கி விரியும்போதும் அதன் நார்களின் மேலுறை இழுபடுகிறது. அந்த உறை கிழியாமல் உள்ளிருந்து பிடித்துக்கொள்கிற புரதத்தின் பெயர் டிஸ்ட்ரோஃபின். டுஷேன் பிள்ளைகளுக்கு அது அநேகமாக இல்லவே இல்லை. அதனால் நடந்தாலே நார் கிழிகிறது, உடம்பு அதைச் சரிசெய்கிறது, திரும்பக் கிழிகிறது, ஒரு கட்டத்தில் சரிசெய்யும் சக்தி தீர்ந்துபோய் அந்த இடத்தில் கொழுப்பும் தழும்புத் திசுவும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இந்தப் புரதத்துக்கான மரபணுவை 1986-இல் பாஸ்டனில் லூயிஸ் குன்கல் குழு கண்டுபிடித்தது, அடுத்த வருஷமே புரதத்தையும் அடையாளம் கண்டார்கள். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மரபணு என்பதால்தான் இந்த நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வருகிறது. அம்மா வழியாக வரலாம். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு, குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் ஏற்படலாம். இதைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் பழியெல்லாம் அம்மா தலையில் விழுகிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

மனிதனின் மரபணுக்களிலேயே மிகப் பெரியது இதுதான். 22 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஎன்ஏ எழுத்துகள், 79 எக்ஸான்கள், அதாவது புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய துண்டுகள். இதில் எந்த எக்ஸான் விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஆரம்பத்தில் பெரும்பாடாக இருந்தது. சேம்பர்லின் அப்போது ஹூஸ்டனில் தாமஸ் காஸ்கியின் ஆய்வகத்தில் இளம் ஆராய்ச்சியாளர். மரபணுவின் பல இடங்களை ஒரே குழாயில் ஒரே நேரத்தில் பெருக்கிப் பார்த்து, எந்தத் துண்டு காணோம் என்று சொல்லிவிடுகிற முறையை 1988-இல் அவர் முதல் பெயராக இருந்த கட்டுரை வெளியிட்டது. உலகம் முழுக்க எத்தனையோ ஆய்வகங்களில் பல வருஷம் இந்த நோயைக் கண்டறிந்தது அந்த முறையில்தான். உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை. எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது, ஏனென்றால் மரபணு சிகிச்சை எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், சரியான ரிப்போர்ட் கையில் இருப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்றைக்கே வேண்டியது. அடுத்த குழந்தை பற்றி முடிவெடுக்க அதுதான் வேண்டும், பையனின் அக்காவும் சித்தியும் தங்களைப் பரிசோதித்துக்கொள்ளவும் அதுதான் வேண்டும்.

அப்புறம்தான் எலிகள் வருகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1993-இல், டிஸ்ட்ரோஃபின் இல்லாத எலிகளுக்குக் கருவிலேயே அந்த மரபணுவைக் கொடுத்து, நோய் வராமல் தடுக்க முடிகிறது, அளவு பல மடங்கு கூடினாலும் கெடுதல் இல்லை என்று அவருடைய குழு காட்டியது. கொள்கையளவில் இது நடக்கும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. பிறந்துவிட்ட பிள்ளையின் உடம்பில் உள்ள தசைக்கெல்லாம், கை கால் மட்டும் இல்லை, மூச்சுத் தசைக்கும் இதயத்துக்கும், மரபணுவை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அதற்கு அவர்கள் நம்பியது ஏஏவி என்கிற ஒரு சின்ன வைரஸ். மனிதர்களுக்கு நோய் எதுவும் உண்டாக்குவதாகத் தெரியாத வைரஸ் இது. அதன் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை உள்ளே வைக்கலாம். ஆனால் அதில் சுமார் 4,700 எழுத்துகளுக்குத்தான் இடம். டிஸ்ட்ரோஃபினில் வேண்டாத இடைவெளியெல்லாம் நீக்கி, புரதத்துக்குத் தேவையான எழுத்துகளை மட்டும் எடுத்தால்கூட 11,000 வருகிறது. பெரிய டிரங்குப் பெட்டிச் சாமானைக் கைப்பைக்குள் திணிக்கச் சொன்ன கதை.

இங்கேதான் ஒரு நோயாளி வழி காட்டினார். இங்கிலாந்தில் கே டேவிஸ் குழு 1990-இல் ஒருவரைப் பற்றி எழுதியது. டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் பயனுள்ள பகுதியில் 46 சதவீதம் அவரிடம் இல்லை. ஆனால் 61 வயதில் நடந்துகொண்டிருந்தார். பாதி இல்லாமலே ஒருவர் இந்த வயது வரை நடக்கிறார் என்றால் எந்தப் பாதி முக்கியம், இன்னும் எவ்வளவு குறைக்கலாம் என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் சேம்பர்லின் ஆய்வகம் பல வருஷம் போயிற்று. டிஸ்ட்ரோஃபினின் நடுவில் ஒரே மாதிரியான 24 பகுதிகள் சங்கிலிக் கண்ணிகள் மாதிரி வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, சேர்த்து, மாற்றி எலியில் பார்த்துப் பார்த்து, நான்கு கண்ணிகளை மட்டும் வைத்து இரண்டு முனைகளிலும் அவசியமானதை விட்டுவைத்தால் போதும், தசை தாங்குகிறது என்று 2002-இல் வெளியிட்டார்கள். இதைத்தான் மைக்ரோ டிஸ்ட்ரோஃபின் என்கிறார்கள். 2004-இல், அதற்குள் அவர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார், ரத்தக்குழாயில் ஒரு ஊசி போட்டாலே எலியின் உடம்பு முழுக்கத் தசைகளுக்கு மரபணு போய்ச் சேருகிறது என்று காட்டினார்கள். அவர் ஒருவர் மட்டும் இல்லை. சியாவ் சியாவ் என்ற விஞ்ஞானி 2000-இலேயே இப்படிச் சுருக்கிய மரபணுக்களை ஏஏவி-யில் வைத்து எலிகளில் சோதித்திருந்தார், மிசௌரியில் டாங்ஷெங் துவான் எந்தக் கண்ணியை எடுத்தால் எது கெடுகிறது என்று தோண்டித் தோண்டிப் பார்த்தார். ஒரு மனிதரின் சாதனை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் இது பல ஆய்வகங்கள் ஒன்றின் தோளில் ஒன்று நின்று எட்டிப்பிடித்தது.

கவனியுங்கள், சுருக்கிய புரதம் முழுப் புரதம் ஆகாது. இந்த ஊசி மிக நன்றாக வேலை செய்தாலும், கடுமையான டுஷேன் நோயை மெதுவாகப் போகிற பெக்கர் வகை நோய் மாதிரி ஆக்குவதுதான் குறிக்கோள். ஆராய்ச்சியாளர்களே இதை ஆரம்பத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். செய்தித்தாளுக்கு வரும்போதுதான் அது காணாமல் போகிறது.

மனிதர்களுக்கு வந்த கதை இன்னும் முக்கியம். ஒஹாயோவில் கொலம்பஸ் நகரத்தில் ஜெர்ரி மெண்டெல் என்ற நரம்பியல் மருத்துவர், ஆறு பையன்களின் கைத்தசையில் இந்த மாதிரிச் சுருக்கிய மரபணுவைப் போட்டுப் பார்த்து 2010-இல் முடிவை வெளியிட்டார். புரதம் நீடித்து உண்டாகவில்லை. சில பிள்ளைகளின் நோய் எதிர்ப்புச் செல்கள் டிஸ்ட்ரோஃபினையே அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்கத் தயாராக இருந்தன. பிறந்ததிலிருந்து பார்த்திராத புரதம் அல்லவா. எலியில் தெரியாதது பையன்களில் தெரிந்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகு பல வருஷம் கழித்து, அதே மெண்டெல் குழுவினர் வேறொரு ஏஏவி வகையைக் கொண்டு உருவாக்கிய எலெவிடிஸ் என்ற சிகிச்சைக்கு 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. முதலில் நான்கு, ஐந்து வயதில் நடக்கிற பிள்ளைகளுக்கு மட்டும். அதுவும் விரைவு அனுமதி. தசையில் சுருக்கிய புரதம் உண்டாகிறது என்று தெரிந்தது, பிள்ளைகள் அதனால் நன்றாக நடப்பார்களா என்பதை அடுத்த ஆய்வு காட்ட வேண்டும் என்ற நிலையில் கொடுத்தது. அமெரிக்காவில் விலை 32 லட்சம் டாலர்.

அந்த அடுத்த ஆய்வு அந்த வருஷமே வந்தது. நான்கிலிருந்து ஏழு வயது வரை உள்ள 125 பிள்ளைகள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று ஊசி. ஒரு வருஷம் கழித்து நார்த் ஸ்டார் என்ற மதிப்பீட்டில் எத்தனை மதிப்பெண் என்று பார்த்தார்கள். இந்த மதிப்பீடு எங்கள் கையில் தினமும் புழங்குவது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். பதினேழு வேலைகள். நேராக நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலில் நிற்பது, படுத்துக்கொண்டு தலையைத் தூக்குவது, பெட்டி மேல் ஏறி இறங்குவது, தாவுவது, ஓடுவது இப்படி. ஒவ்வொன்றுக்கும் நன்றாகச் செய்தால் 2, வேறு வழியில் சமாளித்துச் செய்தால் 1, முடியாவிட்டால் 0. தரையிலிருந்து எழுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கை ஊன்றாமல் சட்டென்று எழுந்தால் 2. குப்புறத் திரும்பி, நான்கு காலில் நின்று, பின்னால் இடுப்பைத் தூக்கி, முழங்காலில் கைவைத்து, தொடையில் கைவைத்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுந்தால் 1. மொத்தம் 34. மருந்து பெற்ற பிள்ளைகள் சராசரியாக 2.57 மதிப்பெண் கூடினார்கள், வெற்று ஊசி பெற்றவர்கள் 1.92. வித்தியாசம் 0.65. புள்ளியியல் கணக்கில் இது போதவில்லை, முதன்மை இலக்கை ஆய்வு எட்டவில்லை.

மருந்தே இல்லாமல் மதிப்பெண் எப்படிக் கூடும் என்று கேட்கலாம். இந்த வயதில் பிள்ளைகள் வளர்கிறார்கள், புதிதாகக் கற்றுக்கொள்கிறார்கள், ஸ்டீராய்டும் வேலை செய்கிறது, அதனால் ஏழு வயது வரைக்கும் நோய் இருந்துகொண்டே திறனும் கூடும். அதனால்தான் ஒரு வருஷத்தில் வித்தியாசம் தெரிவது கஷ்டம். தரையிலிருந்து எழும் நேரம், பத்து மீட்டர் நடக்கும் நேரம் போன்ற மற்ற அளவுகளில் மருந்து பெற்றவர்கள் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள் என்பதும் உண்மை. எழும் நேரத்தில் அரை நொடிக்குச் சற்று மேல். இது பெரிசா சின்னதா என்று நிபுணர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், நோய் முற்றாத பிள்ளைக்கு ஏதோ நல்லது செய்கிறது, எவ்வளவு நாள் நிற்கும் என்பதை வருஷங்கள்தான் சொல்லும், 'தீர்வு' என்று தலைப்பிடுகிற அளவுக்கு இன்னும் வரவில்லை. இன்னொன்றையும் பாருங்கள், அந்த 125 பிள்ளைகளும் ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டேதான் ஆய்வில் இருந்தார்கள். ஊசி போட்டதும் சில வாரங்களுக்கு அளவைக் கூட்டித்தான் கொடுக்கிறார்கள், குறைக்கவில்லை. என்னிடம் வந்த அந்த அம்மாவுக்கு இந்த ஒரு வரி கட்டுரையில் கிடைத்திருந்தால் போதும்.

ஆபத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பெற்றோரைப் பயமுறுத்துவது நோக்கம் இல்லை, அவர்கள் இதைவிடப் பெரிய பயத்தோடு வாழ்கிறவர்கள். உடம்பு முழுக்கத் தசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் வைரஸ் அளவு மிகப் பெரியது. ஒரு கிலோ எடைக்கு சுமார் 133 லட்சம் கோடி. பிள்ளை எடை கூடக்கூட மொத்த அளவும் கூடுகிறது. அதில் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போகிறது. 2024-இல் நடக்க முடியாத பெரிய பையன்களுக்கும் அனுமதியை விரித்தார்கள். 2025-இல் நடக்க முடியாத இரண்டு பையன்கள் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கல்லீரல் செயலிழந்து இறந்துபோனார்கள். மருந்து அனுப்புவதைச் சில நாள் நிறுத்தி, பிறகு நடக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் என்று சுருக்கி, கல்லீரல் பற்றிய கடும் எச்சரிக்கையையும் சேர்த்தார்கள். இதே நோய்க்கு வேறொரு நிறுவனம் நடத்திய மரபணு சிகிச்சை ஆய்விலும் 2021-இல் ஒரு பையனும் 2024-இல் ஒரு பையனும் இறந்தார்கள், அந்த மருந்து கடைசிக்கட்ட ஆய்வில் பலன் காட்டாமல் கைவிடப்பட்டது. மயோட்யூபுலர் மயோபதி என்ற இன்னொரு பிறவித் தசை நோய்க்கான ஆய்வில் நான்கு பிள்ளைகளை இழந்தோம். இத்தனைக்கும் அதில் பல பிள்ளைகள் வென்டிலேட்டரை விட்டு வெளியே வந்து தாங்களாக மூச்சுவிட்டார்கள். நல்லதும் கெட்டதும் ஒரே ஆய்வுக்குள், ஒரே மருந்துக்குள் இருந்தன. இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதால்தான் மற்றவர்களுக்கு இன்றைக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது. அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதாமல் இந்த ஆராய்ச்சியைப் பற்றி எழுதுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

யாருக்குப் போட முடியாது என்பதும் செய்திதான். அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் ஏற்கெனவே கூடுதலாக இருந்தால் போட மாட்டார்கள், உடம்பு ஊசியை வழியிலேயே அழித்துவிடும். ஒரு தடவை போட்டுவிட்டால் உடம்பு அந்த வைரஸை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்கிறது, அதனால் இரண்டாம் தடவை இன்றைய நிலையில் போட முடியாது. எட்டாவது அல்லது ஒன்பதாவது எக்ஸான் விட்டுப்போன பிள்ளைகளுக்கு எலெவிடிஸ் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது, அவர்களுக்குப் புதுப் புரதத்தை உடம்பு கடுமையாக எதிர்க்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் மரபணு ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், எந்த எக்ஸான் என்று தெரிந்து வையுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன்.

கட்டுரை வந்ததற்கு அப்புறம் இன்னொரு அப்பா பேசினார். பையனுக்கு 14 வயது, வீல்சேரில் இருக்கிறான். "ஊசி போட்டா எழுந்து நடந்துடுவானா?" என்றார். கொழுப்பாகவும் தழும்பாகவும் மாறிவிட்ட இடத்தில் மரபணு போய் வேலை செய்ய அங்கே தசையே இல்லை. இருக்கிற தசையைத்தான் காப்பாற்றலாம். அந்தப் பையனுக்கு இப்போது முக்கியம் மூச்சும் இதயமும் முதுகுத்தண்டும். வருஷா வருஷம் எக்கோ பார்க்கிறார்களா, இருமலில் வலு இருக்கிறதா, ராத்திரி தூக்கத்தில் மூச்சு குறைகிறதா, காலையில் தலைவலியோடு எழுகிறானா, இதையெல்லாம் கேட்டுக் கவனித்தால் அவனுக்குப் பல வருஷம் கிடைக்கும். ராத்திரி மூச்சுக்கருவியும் இதய மருந்தும் வந்த பிறகு இந்தப் பையன்கள் முப்பதைத் தாண்டுகிறார்கள், படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். இதுவும் அறிவியல்தான், இதற்கும் அரைப் பக்கம் கொடுக்கலாம்.

லிம்ப் கர்டில் என்கிற, இடுப்பு, தோள் தசைகளைப் பாதிக்கிற வகை நோய் உள்ள ஒரு பெண்மணியும் கேட்டார், தனக்கு இது கிடைக்குமா என்று. கிடைக்காது. அது வேறு மரபணு, அதிலேயே பல வகைகள், சிலவற்றுக்குத் தனியாக ஆய்வு நடக்கிறது. 'தசை நோய்களுக்கு மரபணு சிகிச்சை' என்று பொதுவாக எழுதினால் எந்த நோய்க்கு என்பது படிப்பவர்களுக்குப் புரிவதில்லை. கட்டுரையில் நீங்கள் உதாரணம் காட்டிய குழந்தை, ஊசிக்குப் பிறகு உட்கார்ந்து நின்று நடந்த குழந்தை, டுஷேன் நோயாளியே இல்லை, எஸ்எம்ஏ நோயாளி. அதில் கெடுவது முதுகுத்தண்டில் உள்ள நரம்புச் செல், தசை அதனால் மெலிகிறது. அதற்கான மரபணு சின்னது, சுருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் முழுசாக வைரஸுக்குள் போய்விடும். குழந்தையும் சின்னது, மருந்து அளவும் அதற்கேற்ப. 2019-இல் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி கிடைத்தது, அறிகுறி தெரிவதற்கு முன்பே கொடுத்தால் மற்றக் குழந்தைகள் மாதிரியே வளர்கிறவர்களும் உண்டு. உண்மையிலேயே பிரமாதமான சாதனை. ஆனால் அந்தக் குழந்தையின் படத்தைப் போட்டு டுஷேன் பற்றி எழுதினால், டுஷேன் வீட்டில் என்ன நினைப்பார்கள்?

ஸ்டீராய்டைப் பற்றி ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். மரபணு ஊசியைக் கொண்டுவந்த அதே ஜெர்ரி மெண்டெல்தான், பிரெட்னிசோன் மாத்திரை இந்தப் பையன்களின் பலத்தைக் கூட்டுகிறது என்பதை முறையான ஆய்வாக நடத்தி 1989-இல் வெளியிட்டவர். அந்த மாத்திரையால் பல பிள்ளைகளுக்கு நடக்கும் காலம் இரண்டு மூன்று வருஷம் நீள்கிறது. முகம் ஊதும், எடை கூடும், உயரம் நிற்கும், எலும்பு மெலியும், எல்லாம் உண்மை. அதையெல்லாம் டாக்டரோடு பேசி அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம், தானாக நிறுத்தக் கூடாது. ராத்திரி ஸ்பிளிண்ட்டும் அப்படித்தான். குதிகால் நாண் சுருங்கிவிட்டால் தசையில் பலம் இருந்தும் பாதம் தரையில் பதியாது. நாளைக்கே இதைவிட நல்ல மரபணு மருந்து வந்தாலும் நடக்கிற பிள்ளைக்குத்தான் முதலில் கொடுப்பார்கள் என்பதை மேலே பார்த்தோம். இன்றைக்கு நீட்டிக்கொடுக்கிற கால், அன்றைக்கு வரிசையில் இடம் வாங்கித்தரும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. இனி மருத்துவ ஆராய்ச்சி பற்றி எழுதும்போது எந்த நோய், என்ன வயது, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எதை அளந்தார்கள், யாருக்கு ஆகாது, இப்போது சாப்பிடுகிற மருந்தை என்ன செய்வது என்ற தகவல்களைக் கட்டுரைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். குறிப்பாகக் கடைசித் தகவலை.

இரண்டாவது, இதே பக்கத்தில் ஆரம்ப அறிகுறிகளைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள். நடக்கத் தாமதமாகிற பையன், அடிக்கடி விழுகிறவன், மாடிப்படி ஏற ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைக்கிறவன், நுனிக்காலில் நடக்கிறவன், தரையிலிருந்து தொடையைப் பிடித்துக்கொண்டு எழுகிறவன், கெண்டைக்கால் மட்டும் பலசாலி மாதிரி தடித்துத் தெரிகிறவன். இவர்களுக்கு சிபிகே என்ற சாதாரண ரத்தப் பரிசோதனை போதும், டுஷேன் என்றால் அளவு பல மடங்கு எகிறியிருக்கும், அப்புறம் மரபணுப் பரிசோதனைக்குப் போகலாம். இன்னொரு தகவலும் அதில் வரட்டும். கல்லீரல் கெட்டால் கூடுகிற எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் தசை கிழிந்தாலும் கூடும். அதைப் பார்த்து மாதக்கணக்கில் கல்லீரலுக்கு மருந்து சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்து சேருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டோடு சேர்த்து ஒரு சிபிகே பார்த்திருந்தால் மூன்று வயதிலேயே தெரிந்திருக்கும். கட்டுரைக்கு உதவி வேண்டுமானால் எழுதித்தரத் தயார், எழுந்து நிற்கிற முறைக்குப் படம் வரைய வேண்டும் என்றால் அதையும் உங்கள் ஓவியருக்கு நானே செய்துகாட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, ஒரு பிசியோதெரபிஸ்ட்